ஜலந்தரில் 142, தண்டையார்பேட்டையில் 84: இதில் யாருக்குச் செலினியம் குறைவு?

முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு 38 வயது, வீடு தண்டையார்பேட்டை, சொல்லும்படியான நோய் எதுவும் இல்லை. ஜூன் மாதம் ஏதோ ஒரு முழு உடல் பரிசோதனை பேக்கேஜ் எடுத்திருக்கிறீர்கள். அதில் சீரம் (ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிநீர்) செலினியம் லிட்டருக்கு 84 மைக்ரோகிராம் என்று வந்து, பக்கத்திலேயே சிவப்பில் 'குறைவு' என்று அச்சாகியிருக்கிறது. பல வருடமாக ஜலந்தரில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் அங்கே அதே பேக்கேஜ் எடுத்ததில் 142. அவரும் ஆரோக்கியமாகத்தான் இருக்கிறார். இந்திய மண்ணிலேயே செலினியம் இல்லை என்று ஒரு வீடியோ சொன்னதால், 200 மைக்ரோகிராம் மாத்திரையை ஆன்லைனில் பார்த்து வைத்திருக்கிறீர்கள். கடைசி வரியில், எண்ணூர் அனல்மின் சாம்பலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாத்திரை வாங்கலாமா என்பது மேலோட்டமான கேள்வி. உள்ளே இருப்பது வேறு: ஒரு வீட்டில் பிறந்த, நன்றாக இருக்கிற இரண்டு பேருக்கு ஊர் மாறியதால் மட்டும் இவ்வளவு வித்தியாசம் வருமா, வந்தால் குறைந்த எண் உள்ளவர் நோயாளியா?

வித்தியாசம் வரும். நீங்கள் நோயாளி இல்லை. அந்த மாத்திரை உங்களுக்குத் தேவையில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீளம்.

நான் வட சென்னையில் ஒரு மருத்துவமனையின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன். ரத்தத்தில் எண்களை எடுப்பதும் அந்த எண்களுக்கு என்ன அர்த்தம் என்று மருத்துவர்களோடு வாதாடுவதும்தான் என் தொழில். நான் மண் விஞ்ஞானி இல்லை. மண்ணைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்து அறிந்தது. உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரும் இல்லை. தைராய்டு, கர்ப்பம், சிறுநீரகக் கோளாறு, குடலில் அறுவை சிகிச்சை, இவற்றில் எதுவாவது இருந்தால் கீழே சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. இது ஆரோக்கியமான பெரியவர்களுக்கான பதில்.

செலினியம் என்ற தாதுச்சத்து நம் உடம்பில் தனியாகச் சுற்றித் திரிந்து வேலை செய்வதில்லை. சில புரதங்களுக்குள் செலினோசிஸ்டீன் என்ற அமினோ அமிலமாக உட்கார்ந்து வேலை செய்கிறது. அப்படிப்பட்ட புரதங்களுக்கு மனிதனிடம் 25 மரபணுக்கள் இருக்கின்றன. செல்லுக்குள் உருவாகும் பெராக்ஸைடுகளைச் செயலிழக்கச் செய்யும் குளூட்டாத்தியோன் பெராக்ஸிடேஸ் அதில் ஒன்று. தைராய்டு ஹார்மோனை வேலை செய்யும் வடிவத்துக்கு மாற்றும் டீஅயோடினேஸ் இன்னொன்று. கல்லீரலில் உருவாகி ரத்தத்தின் வழியே மற்ற உறுப்புகளுக்குச் செலினியத்தைக் கொண்டுபோகும் செலினோபுரதம் பி மூன்றாவது. தேவைப்படும் அளவு மிகச் சிறியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020ல் வெளியிட்ட பரிந்துரை, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மைக்ரோகிராம். ஒரு கிராமை இருபத்தைந்தாயிரம் பங்கு போட்டால் அதில் ஒரு பங்கு.

ஊருக்கு ஊர் மாறுவதற்கான காரணம் ரொம்ப எளிமையானது, ஆனால் அதிகம் பேர் கவனிக்காதது. பயிருக்குச் செலினியம் தேவையே இல்லை. துத்தநாகம் குறைந்தால் நெற்பயிர் காட்டிக்கொடுக்கும். இலை பழுப்பேறும், வளர்ச்சி நிற்கும், விவசாயி கடைக்கு ஓடுவார். செலினியம் துளிகூட இல்லாத மண்ணிலும் நெல்லும் கோதுமையும் செழிப்பாக வளர்ந்து முழு மகசூல் கொடுக்கும். மண்ணில் நிறைய இருந்தால், கந்தகச் சத்தை உறிஞ்சும் வழியாகவே செலினியமும் செடிக்குள் புகுந்து, கந்தகம் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். ஆக, பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் இரண்டு கோதுமை மூட்டைகளில் செலினியம் நூறு மடங்கு வித்தியாசப்படலாம். நிறத்திலும் தெரியாது, ருசியிலும் தெரியாது.

மண்ணில் மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டுமே கணக்கில்லை. வறண்ட, காரத்தன்மையுள்ள மண்ணில் அது செலினேட் என்ற வடிவத்தில் நீரில் கரைந்து செடிக்குச் சுலபமாகக் கிடைக்கும். அமிலத்தன்மையும் இரும்பும் அதிகமுள்ள செம்மண்ணில் செலினைட்டாக மாறி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும், இருந்தும் கிடைக்காது. நெல்வயலில் தண்ணீர் கட்டி நிறுத்தும்போது காற்று புகாததால் அது இன்னும் கரையாத வடிவங்களுக்குப் போய்விடும். அதனால்தான் பொதுவாக அரிசி, நல்ல நிலத்தில் விளைந்த கோதுமை அளவுக்குச் செலினியம் கொடுப்பதில்லை. உங்களுக்கும் அண்ணனுக்கும் இருக்கிற வித்தியாசத்தில் பெரும்பங்கு இதிலேயே அடங்கிவிடும் என்பது என் கணிப்பு. அவர் மூன்று வேளையில் இரண்டு வேளையாவது ரொட்டி, நீங்கள் சோறும் இட்லியும்.

மண் எந்த அளவுக்கு மனிதனை மாற்றும் என்பதற்கு உலகத்தில் தெளிவான உதாரணங்கள் உண்டு. சீனாவின் வடகிழக்கில் ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கேஷான் என்று ஒரு வட்டாரம். 1935ல் அங்கே ஒரு வகை இதயத்தசை நோய் பதிவானது. அதிகம் பாதிக்கப்பட்டவர்கள் சிறுவர்களும் குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களும். வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை நீளும் செலினியம் குறைந்த மண் பட்டையில்தான் அந்த நோய் வந்தது. அங்கே மக்கள் சாப்பிட்டது உள்ளூர் விளைச்சல் மட்டுமே, ஒரு நாளைக்கு 20 மைக்ரோகிராமுக்கும் கீழே. 1970களில் குழந்தைகளுக்குச் சோடியம் செலினைட் மாத்திரை கொடுத்தபோது நோய் மளமளவென்று குறைந்தது. இது உறுதி. ஆனால் செலினியம் குறைவு மட்டுமே காரணமா என்றால், இல்லை. காக்ஸாக்கி என்ற வைரஸுக்கும் பங்கு உண்டு. செலினியம் குறைந்த எலிகளுக்குள் போன சாதுவான காக்ஸாக்கி வைரஸ் இதயத்தைத் தாக்கும் வகையாக மாறிவிடுவதை அமெரிக்காவில் மெலிண்டா பெக் குழுவினர் 1990களில் காட்டினார்கள்.

அதே சீனாவில், ஹூபெய் மாகாணத்தின் என்ஷி பகுதியில் 1960களின் தொடக்கத்தில் நேர் எதிர்க் கதை. அங்கே நிலக்கரிப் பாறைகளில் செலினியம் அபரிமிதம். அது மண்ணில் கலந்து, பயிரில் ஏறி, மக்களுக்குத் தலைமுடியும் நகமும் உதிர்ந்தன. ஒரே நாடு, உலகின் மிகக் குறைந்த அளவும் மிக அதிக அளவும் அங்கேயே. 'இந்திய மண்ணில் செலினியம் இல்லை' என்று ஒரே வாக்கியத்தில் முடிக்கும் வீடியோவை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு இது போதும். ஒரு நாட்டுக்கு ஒரு மண் கிடையாது.

இந்தியாவிலும் அதிகம் உள்ள இடம் உண்டு, அதுவும் உங்கள் அண்ணன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலேயே. பஞ்சாபில் நவான்ஷஹர், ஹோஷியார்பூர் மாவட்டங்களின் சில கிராமங்களில் சிவாலிக் மலையடிவாரத்திலிருந்து வெள்ளம் அடித்துக்கொண்டு வந்த வண்டல் படிந்து, மண்ணில் செலினியம் ஏறிக் கிடக்கிறது. லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தார் இதைப் பல்லாண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். அந்தக் கிராமங்களில் சொந்த நிலத்துக் கோதுமையையே சாப்பிடுபவர்கள் ஒரு நாளைக்குச் சில நூறு மைக்ரோகிராம் எடுத்துக்கொள்வதாக அளந்திருக்கிறார்கள். மாட்டுக்குக் குளம்பு கழன்று விழுவதும், மனிதர்களுக்கு நகம் உடைவதும் முடி கொட்டுவதும் அங்கே பதிவாகியிருக்கின்றன. ஆனால் இது திட்டுத்திட்டாக உள்ள நிலம், பஞ்சாப் முழுவதும் அப்படி இல்லை. ஜலந்தர் நகரத்தில் கடையில் ஆட்டா வாங்கும் ஒருவருக்கு 142 என்பது சாதாரணமான, பாதுகாப்பான அளவுதான். அமெரிக்காவில் சராசரி ஆட்கள் கிட்டத்தட்ட அந்த அளவில்தான் இருக்கிறார்கள்.

2025 தொடக்கத்தில் மகாராஷ்டிரத்தின் புல்டானா மாவட்டத்தில் சில கிராமங்களில் திடீரென்று பலருக்கு முடி கொட்டிய செய்தியைப் படித்திருப்பீர்கள். தேள்கடி சிகிச்சைக்குப் பேர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் அங்கே போய்ப் பார்த்து, ரேஷனில் வந்த வெளிமாநிலக் கோதுமையில் செலினியம் மிகுந்திருந்ததே காரணம் என்று சொன்னார். பஞ்சாபில் இதற்கு எதிர்ப்பும் வந்தது. இதை நிரூபிக்கப்பட்ட முடிவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நியாயமான சந்தேகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தச் சந்தேகம் எழ முடிந்தது என்பதே ஒரு விஷயத்தைக் காட்டுகிறது. தானியம் பயணம் செய்தால் மண்ணும் கூடவே பயணம் செய்கிறது.

உங்கள் கேள்விக்கான பதிலின் மையம் இதுதான். ஒருவருடைய செலினியத்தைத் தீர்மானிப்பது அவர் குடியிருக்கும் ஊரின் மண் இல்லை, அவர் சாப்பிடும் தானியம் விளைந்த ஊரின் மண். கேஷானில் இரண்டும் ஒன்றாக இருந்ததால்தான் நோய் வந்தது. தண்டையார்பேட்டையில் நெல் விளைவதில்லை. உங்கள் வீட்டு அரிசி செங்குன்றம் மண்டி வழியாக நெல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்திருக்கலாம், தஞ்சையிலிருந்து வந்திருக்கலாம். ரேஷன் அரிசி என்றால் மத்தியத் தொகுப்பிலிருந்து வேறு எந்த மாநிலத்து நெல்லாகவும் இருக்கலாம். இந்த மாத மூட்டையும் அடுத்த மாத மூட்டையும் ஒரே மண் இல்லை. துவரம்பருப்பு கர்நாடகாவோ மகாராஷ்டிரமோ, கோதுமை மாவு வடக்கு. பெருநகரத்துக்காரனுக்கு இது ஒரு வகையில் காப்பு. ஒரு மண்ணின் குறை இன்னொரு மண்ணின் நிறையால் ஈடாகிவிடும்.

இங்கிலாந்தில் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். 1970களில் அவர்கள் ரொட்டிக்கு வட அமெரிக்கக் கோதுமை வந்துகொண்டிருந்தது. அந்த மண்ணில் செலினியம் அதிகம். பிறகு உள்நாட்டு, ஐரோப்பியக் கோதுமைக்கு மாறினார்கள். இருபது வருடத்தில் சராசரி ஆள் எடுத்துக்கொள்ளும் அளவு சுமார் 60 மைக்ரோகிராமிலிருந்து 40க்கும் கீழே இறங்கிவிட்டது. யாரும் இடம் மாறவில்லை, கோதுமை மட்டும்தான் மாறியது. நியூசிலாந்தில் வடக்குத் தீவு ஆஸ்திரேலியக் கோதுமையையும் தெற்குத் தீவு பெரும்பாலும் உள்ளூர்க் கோதுமையையும் சாப்பிட்டதால், ஒரே நாட்டுக்குள் இரண்டு அளவு. பின்லாந்து அரசு ஒரு படி மேலே போய், 1984ல் ரசாயன உரத்திலேயே செலினியம் கலக்க முடிவெடுத்தது. சில ஆண்டுகளுக்குள் மக்கள் சாப்பிடும் அளவு சுமார் மூன்று மடங்காக உயர்ந்தது. அதற்குப் பிறகு மாரடைப்போ புற்றுநோயோ சட்டென்று குறைந்ததா என்று பார்த்தார்கள். குறைந்தது, ஆனால் அண்டை நாடுகளிலும் அதே காலத்தில் அதே மாதிரி குறைந்தது. அதனால் அந்தப் பெருமையைச் செலினியத்துக்குக் கொடுக்க முடியவில்லை.

சரி, உங்கள் 84க்கு வருவோம். அந்தச் சிவப்பு எழுத்தை யார் முடிவு செய்தார்கள் என்று பாருங்கள். செலினியத்துக்கு உலகம் முழுவதும் ஒப்புக்கொண்ட ஒரே வரம்பு கிடையாது. சில அமெரிக்க ஆய்வகங்கள் 110 முதல் 165 வரை என்று போடுகின்றன. வேறு சில இடங்களில் கீழ் எல்லை 60ஐ ஒட்டி இருக்கும். முதல் வரம்பு என்பது, செலினியம் மிகுந்த கோதுமையைச் சாப்பிடும் ஆரோக்கியமான அமெரிக்கர்களை அளந்தால் கிடைக்கும் எண்ணே தவிர, அதற்குக் கீழே போனால் நோய் வரும் என்று கண்டுபிடித்த எண் இல்லை. அந்த வரம்பை அப்படியே மென்பொருளில் ஏற்றிவிட்டால் சோறு சாப்பிடும் பாதி ஊருக்குச் சிவப்பு எழுத்து வரும். நியூசிலாந்துத் தெற்குத் தீவில் ஒரு தலைமுறையே உங்கள் 84ஐ விடக் குறைந்த அளவோடு ஆரோக்கியமாக வாழ்ந்திருக்கிறது; கேஷான் நோய் அங்கே வரவில்லை.

உடலின் தேவையை வைத்துப் பார்த்தால் என்ன எண்? அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனம், லிட்டருக்கு 80 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் செலினியப் புரதங்கள் உருவாக வழக்கமாகப் போதும் என்கிறது. நீங்கள் அதற்கு மேலே இருக்கிறீர்கள், கொஞ்சம்தான் மேலே என்றாலும். இங்கே ஒரு நிஜமான கருத்து வேறுபாடு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. குளூட்டாத்தியோன் பெராக்ஸிடேஸ் சுமார் 70 முதல் 90க்குள் உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. செலினோபுரதம் பி முழுதாக நிரம்ப 120ஐ ஒட்டிப் போக வேண்டும். எல்லாப் புரதமும் உச்சத்தில் இருப்பதுதான் ஆரோக்கியம் என்று நினைப்பவர்கள் 84ஐப் 'போதாது' என்பார்கள். உச்சம் வரை நிரப்ப வேண்டிய அவசியம் இல்லை என்பவர்கள் 'போதும்' என்பார்கள். உலகச் சுகாதார நிறுவனம் ஆணுக்கு 34, பெண்ணுக்கு 26 மைக்ரோகிராம் என்பதும், இந்தியா 40 என்பதும், அமெரிக்கா 55 என்பதும், ஐரோப்பா 70 என்பதும் பெரும்பாலும் இந்த வாதத்திலிருந்து பிறந்த வித்தியாசமே. 84க்கும் 120க்கும் நடுவில் இருக்கும் ஆரோக்கியமான பெரியவருக்கு அதனால் ஒரு கெடுதல் வந்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. நான் இரண்டாவது கட்சி.

அளவீட்டைப் பற்றியும் தொழில்காரனாகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இது சர்க்கரை, கொழுப்பு மாதிரி எல்லா லேபிலும் பார்க்கும் சோதனை இல்லை. ஐ.சி.பி.எம்.எஸ். என்ற விலை உயர்ந்த கருவி வேண்டும்; பெரும்பாலான இடங்களில் ரத்தத்தை எடுத்து வேறு ஊருக்கு அனுப்புவார்கள். நுண்தனிமங்களுக்கென்று உள்ள கருநீல மூடிக் குழாயில்தான் எடுக்க வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டில் சீரம் என்று இருக்கிறது என்கிறீர்கள், நல்லது. அண்ணனுடையதும் சீரம்தானா, முழு ரத்தமா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். சிவப்பணுக்களுக்குள்ளும் செலினியம் இருப்பதால் முழு ரத்தத்தில் எண் கூடுதலாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. காய்ச்சல், வீக்கம், தொற்று ஏதாவது இருக்கும்போது சீரம் அளவு தற்காலிகமாக இறங்கிவிடும். அந்த வாரம் உங்களுக்குச் சளியோ பல்வலியோ இருந்திருந்தால்கூட எண் கொஞ்சம் மாறும். முடியை வெட்டி அனுப்பிப் பார்க்கும் சோதனைக்குக் காசு கொடுக்காதீர்கள். பொடுகு ஷாம்புகள் சிலவற்றில் செலினியம் சல்ஃபைடு இருக்கிறது, அது முடியில் ஒட்டிக்கொண்டு எண்ணை எங்கேயோ கொண்டுபோய்விடும்.

சீரம் செலினியம் சமீபத்திய வாரங்களின் சாப்பாட்டைத்தான் காட்டும். நீங்கள் வாரத்துக்கு மூன்று நாள் மீன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ரத்தம் கொடுத்தது ஜூனில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், ஃபைபர் படகில் வருகிற கொஞ்சநஞ்ச மீன் யானை விலை விற்கும். அந்த இரண்டு மாதம் உங்கள் வீட்டில் மீன் எத்தனை நாள் சமைத்தீர்கள்? இது என் ஊகம்தான், உங்களுக்குத்தான் தெரியும். ஆனால் செப்டம்பரிலோ நவம்பரிலோ எடுத்திருந்தால் எண் கொஞ்சம் மேலே இருந்திருக்க வாய்ப்புண்டு.

மீனைப் பற்றித் தனியாகச் சொல்லாமல் இருக்க முடியாது, ஏனென்றால் வட சென்னைக்காரனுக்கு இதில்தான் அதிர்ஷ்டம். நிலத்துச் செலினியம் திட்டுத்திட்டாக மாறுவது போலக் கடலில் மாறுவதில்லை. கடல்மீன், இறால், நண்டு எல்லாமே உலகில் எங்கே பிடித்தாலும் ஓரளவு நல்ல செலினியம் உள்ளவை. நூறு கிராமுக்குப் பொதுவாக 30 முதல் 50 மைக்ரோகிராம் எதிர்பார்க்கலாம். சூரையில் இன்னும் அதிகம். வஞ்சிரம்தான் வேண்டும் என்றில்லை. கூறு கட்டி விற்கிற கவளையும் நெத்திலியும் காணாங்கத்தையும் இந்த வேலையை நன்றாகவே செய்யும், விலையும் கம்மி. சுறா மாதிரிப் பெரிய மீன்களில் பாதரசம் சேரும் என்பதால் அதை மட்டும் அளவோடு வையுங்கள். ஒரு முட்டை சுமார் 10 முதல் 15 மைக்ரோகிராம், கோழிக்குப் போட்ட தீவனத்தைப் பொறுத்தது. பீச் ஸ்டேஷன் பக்கம் ஒரு தட்டு அத்தோவும் முட்டையும் சாப்பிட்டால், கோதுமை நூடுல்ஸும் முட்டையும் சேர்ந்து அன்றைக்குத் தேவையில் கணிசமான பங்கு வந்துவிடும். தினமும் அத்தோ சாப்பிடுங்கள் என்று நான் சொன்னதாக வீட்டில் சொல்லிவிடாதீர்கள், எண்ணெய்க்கும் உப்புக்கும் வேறு கணக்கு உண்டு.

தோராயமாக ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் ஒரு நாளில் சமைக்காத எடையில் 300 கிராம் அரிசி சாப்பிடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். அரிசியில் நூறு கிராமுக்கு 5 மைக்ரோகிராம்தான் என்று குறைவாகவே எடுத்தாலும் 15 ஆகிறது. பருப்பு, பால், காய்கறி எல்லாம் சேர்த்து இன்னொரு பத்து. ஒரு முட்டை, 10. மீன் சாப்பிடும் நாளில் இதோடு ஒரு 30 அல்லது 40. மீன் இல்லாத நாளில் 35ஐச் சுற்றி, மீன் உள்ள நாளில் 70ஐத் தொட்டு, வாரச் சராசரி 40க்கு மேல் நின்றுவிடுகிறது. 84 என்ற எண்ணுக்கும் இந்தச் சாப்பாட்டுக்கும் முரண் எதுவும் எனக்குத் தெரியவில்லை. மீன், முட்டை, கோழி எதுவும் தொடாமல், ஒரே வகை அரிசியும் ரசமுமாகவே நாளை ஓட்டும் வயதானவர்கள்தான் உண்மையில் கவனிக்க வேண்டியவர்கள். அவர்களுக்கும் முதல் மருந்து கோதுமையையும் பயறையும் பாலையும் கூட்டுவதே.

இப்போது மாத்திரை. செலினியத்தில் தேவைக்கும் தொந்தரவுக்கும் இடையிலுள்ள தூரம் குறுகலானது. 40 போதும் என்கிற இடத்தில், ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023ல் எல்லா வழியிலும் சேர்த்து மேல் எல்லை 255 மைக்ரோகிராம் என்று வைத்தது. அமெரிக்காவில் 400. நீங்கள் பார்த்து வைத்திருப்பது 200. சாப்பாட்டோடு சேர்ந்தால் மீன் நாளில் ஐரோப்பிய எல்லையைத் தாண்டிவிடும். அந்த 200 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில், செலினியம் சற்றுக் குறைவான வட்டாரங்களில் நடந்து 1996ல் வெளியான ஓர் ஆய்வில் 200 கொடுத்தவர்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் குறைவாகத் தெரிந்தது. உடனே எல்லாருக்கும் 200 என்று சந்தை கிளம்பியது. அதைச் சரிபார்க்க 35,000க்கும் மேற்பட்ட ஆண்களை வைத்து நடத்திய செலெக்ட் என்ற பெரிய சோதனை, பலன் எதுவும் தெரியாததால் 2008ல் நிறுத்தப்பட்டது. அந்தப் பழைய ஆய்விலேயே மாத்திரை எடுத்தவர்களுக்கு நீரிழிவு கூடுதலாக வந்ததைப் பின்னால் கண்டார்கள். டென்மார்க்கில் ஐந்து வருடம் தினம் 300 மைக்ரோகிராம் எடுத்தவர்களில், பிந்தைய ஆண்டுகளில் இறப்பு கூடியிருந்தது. நீரிழிவுத் தொடர்பு எல்லா ஆய்விலும் ஒரே மாதிரி வரவில்லை, அது இன்னும் வாதத்தில்தான் இருக்கிறது. ஆனால் வீட்டுக்கு ஒருவருக்குச் சர்க்கரை இருக்கிற நம் ஊரில், பலன் நிரூபணமாகாத ஒரு மாத்திரைக்காக அந்தச் சந்தேகத்தைத் தலையில் ஏற்றிக்கொள்வானேன்?

தயாரிப்புத் தவறும் சாத்தியம். 2008ல் அமெரிக்காவில் விற்ற ஒரு திரவச் சத்து மருந்தில், லேபிளில் போட்டதைப் போல 200 மடங்கு செலினியம் போய்விட்டது. 201 பேருக்கு முடி உதிர்வு, வயிற்றுப்போக்கு, நகம் நிறம் மாறுவது என்று பாதிப்பு. கட்டுப்பாடு உள்ள நாட்டிலேயே அப்படி. பிரேசில் நட் ஒன்றிலேயே 70, 90 மைக்ரோகிராம் இருக்கலாம் என்பது சரிதான், ஆனால் அதுவும் மரம் நின்ற மண்ணைப் பொறுத்தது. ஒரு கொட்டையில் பத்தும் இருக்கலாம், இருநூறும் இருக்கலாம். அளந்து சாப்பிட முடியாத ஒன்றை மருந்தாக நினைக்காதீர்கள்.

மாத்திரைக்கு இடமே இல்லை என்று சொல்லவில்லை. தைராய்டு மிகுதியால் கண் பாதிக்கப்படும் நோயில், ஆரம்ப நிலையில், ஆறு மாதம் தினம் இரண்டு வேளை 100 மைக்ரோகிராம் கொடுத்துப் பலன் கண்ட ஐரோப்பிய ஆய்வு 2011ல் வந்தது. ரத்தநாளம் வழியாகவே உணவு ஏற்றப்படும் நோயாளிகளுக்குச் செலினியம் கட்டாயம் சேர்க்கிறார்கள். அவையெல்லாம் மருத்துவர் பார்த்து, அளவும் காலமும் வைத்துக் கொடுப்பவை.

எண்ணூர்ச் சாம்பலைக் கேட்டீர்கள். கேள்வி சரியான கேள்வியே. நிலக்கரியில் செலினியம் உண்டு. எரியும்போது ஆவியாகி, ஆறும்போது பறக்கும் சாம்பல் மேல் படியும். சாம்பல் குளத்திலிருந்து தண்ணீரில் கசியும். அமெரிக்காவில் வட கரோலினாவின் பெலூஸ் ஏரியில் 1970களில் அனல்மின் நிலையச் சாம்பல் நீர் கலந்து, அங்கிருந்த 20 வகை மீன்களில் 19 வகை இனப்பெருக்கம் செய்ய முடியாமல் அற்றுப்போயின. அது மூடிய ஏரி, நம்முடையது கடலோடு திறந்த முகத்துவாரம். அப்படியே ஒப்பிட முடியாது. கொசஸ்தலை ஆற்றின் கழிமுகத்தில் சாம்பல் சேறாகப் படிந்திருப்பது மீனவர்கள் பல வருடமாகச் சொல்லிவரும் குறை, அதில் செலினியத்தைவிட மற்ற உலோகங்களும் மூச்சில் போகும் தூளும்தான் எனக்குக் கவலை. உங்கள் ஒருவரைப் பொறுத்தவரை பதில் ரிப்போர்ட்டிலேயே இருக்கிறது: சாம்பல் வழியாகச் செலினியம் உங்கள் உடம்பில் மிகுதியாக ஏறியிருந்தால் சீரம் அளவு 84ல் நிற்காது. கழிமுகத்து மடவை, இறாலை தினம் சாப்பிடும் குடும்பங்களுக்கு இதே பதிலை நான் கொடுக்க மாட்டேன். அவர்களைத் தனியாக அளந்து பார்க்க வேண்டும்.

ஆக, உங்களுக்கு: மாத்திரையை விட்டுவிடுங்கள், மறு பரிசோதனைக்கும் அவசரம் இல்லை. அடுத்த வருடம் எப்படியும் பேக்கேஜ் எடுப்பதாக இருந்தால் தடைக்காலம் முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, உடம்பு நன்றாக இருக்கும்போது எடுங்கள். காசு மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் செலினியத்தை விட்டுவிட்டு தைராய்டுக்கான டி.எஸ்.எச்., ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை, இவற்றைப் பாருங்கள். அவற்றில் தெரிவது உங்களுக்குப் பயன்படும்.

அண்ணனிடம் மட்டும் இரண்டு விஷயம் கேளுங்கள். கோதுமையைக் கடையில் வாங்குகிறாரா, இல்லை நவான்ஷஹர்ப் பக்கத்து நண்பர் யாராவது சொந்த நிலத்து மூட்டையை அனுப்புகிறாரா? ஜிம்முக்காகவோ முடிக்காகவோ ஏதாவது மல்டிவைட்டமின் எடுக்கிறாரா? 142ல் பயம் எதுவும் இல்லை, ஆனால் அந்த மூட்டையும் வருகிறது, மாத்திரையும் எடுக்கிறார் என்றால் மாத்திரையை நிறுத்தச் சொல்லுங்கள். நகத்தில் வெள்ளைக் கோடுகள், நகம் உடைவது, முடி கொத்தாக வருவது, பூண்டு சாப்பிடாமலே மூச்சில் பூண்டு வாடை, இவற்றில் ஏதாவது இருந்தால் ஒருமுறை மறுபடி சீரம் பார்த்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்கட்டும்.